கிளட்ச்சில் ஏர் எடுப்பது: இருப்பது ஒரே ஒரு நிப்பிள்தான், ஆனால்…

பிரேக்கில் ஏர் எடுக்க, அதாவது எண்ணெய் லைனுக்குள் மாட்டிய காற்றை வெளியேற்ற, நான்கு சக்கரத்துக்கும் நான்கு நிப்பிள் (திறந்தால் எண்ணெயும் காற்றும் வெளியே வரும் சின்னத் திருகு). கிளட்ச்சுக்கு ஒன்றே ஒன்று. அதனால் இது கால் மணி நேர வேலை என்று நினைத்து இறங்குகிறவர்கள்தான் அதிகம். பிரேக் ஆயில் பாட்டில் இரண்டு காலியான பிறகும் பெடல் தரையோடு கிடக்கும்போது "மாஸ்டர் போச்சு", "ஸ்லேவ் போச்சு" என்று ஆரம்பித்து, கடைசியில் "கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்துடலாம்ணே" என்பதில் பேச்சு வந்து நிற்கும். பல வண்டிகளில் எதுவுமே போயிருக்காது, உள்ளே அரை ஸ்பூன் காற்று மாட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இன்னும் பல வண்டிகளில் நிஜமாகவே ஒரு ரப்பர் தேய்ந்திருக்கும், அதை மாற்றாமல் எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பத்து நாளில் பழையபடி ஆகிவிடும். இந்த இரண்டில் நம் வண்டி எது என்று முதலில் தெரிய வேண்டும். ஸ்பானரை எடுப்பதெல்லாம் அப்புறம்.

கேபிள் கிளட்ச் உள்ள வண்டிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. மாருதி 800 மாதிரி வண்டிகளில் பெடலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது ஒரு கம்பி வடம். ஹைட்ராலிக் கிளட்ச்சில் அந்த வடத்தின் இடத்தில் எண்ணெய் இருக்கிறது, பெரும்பாலும் பிரேக் ஆயில்தான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும், அது பைப், ஹோஸ் வழியாகப் போய் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் ஃபோர்க்கைத் தள்ளும், ஃபோர்க் பேரிங்கைத் தள்ளும், கிளட்ச் பிளேட் விடுபடும். பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் சொல்லிவிட்டுப் போன விதிதான், மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கிற அழுத்தம் எல்லா இடத்துக்கும் போகும். ஆனால் உள்ளே இருப்பது முழுக்கத் திரவமாக இருந்தால்தான் மிதித்த மிதி அப்படியே மறுமுனைக்குப் போய்ச் சேரும்.

இதில் எவ்வளவு எண்ணெய் நகர்கிறது என்று பலரும் யோசித்திருக்க மாட்டார்கள். மாஸ்டரின் உள்விட்டம் 5/8 அங்குலம், அதாவது 16 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் 30 மில்லிமீட்டர் நகர்ந்தால் வெளியே போகிற எண்ணெய் சுமார் 6 மி.லி. ஒரு டேபிள் ஸ்பூன்கூட நிறையாது. ஸ்லேவின் விட்டம் 13/16 அங்குலம் என்றால் அந்த 6 மி.லி. அதன் பிஸ்டனை 17, 18 மில்லிமீட்டர் தள்ளும். மொத்த விளையாட்டும் இதற்குள்தான். இப்போது அந்த லைனில் 1 மி.லி. காற்று இருக்கிறது, மிதிக்கும்போது அழுத்தம் 20 பார் வரை (வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல சுமார் 20 மடங்கு) ஏறுகிறது என்றால், காற்று இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நீங்கள் தள்ளிய 6 மி.லி.யில் கிட்டத்தட்ட 1 மி.லி. காற்றைச் சுருக்குவதற்கே செலவாகிவிட்டது. ஸ்லேவ் பிஸ்டன் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குறைவாக நகரும். பிளேட் விடுபடுகிற இடைவெளியே ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கணக்கு என்பதால், இந்த 3 மில்லிமீட்டர் நஷ்டம் கியர் போகுமா போகாதா என்பதைத் தீர்மானித்துவிடும்.

அடையாளங்கள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான். எஞ்சின் ஓடாதபோது எல்லா கியரும் வெண்ணெய் மாதிரி விழும், ஸ்டார்ட் செய்ததும் முதல் கியர் முரண்டு பிடிக்கும், ரிவர்ஸ் கர்ரென்று கத்தும். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் விழும் முன் இரண்டு பக்க வேகத்தையும் ஒன்றாக்குகிற பாகம்) கிடையாது என்பதால் கோளாறு முதலில் அங்கேதான் காதில் விழும். சிக்னலில் கிளட்ச்சை முழுக்க மிதித்து நிற்கும்போதும் வண்டி மெல்ல முன்னால் நகரப் பார்க்கும். சடசடவென்று இரண்டு மூன்று தடவை மிதித்தால் கியர் விழுந்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு மிதிக்கும் ரிசர்வாயரிலிருந்து, அதாவது மாஸ்டருக்கு எண்ணெய் கொடுக்கிற டப்பாவிலிருந்து, கொஞ்சம் எண்ணெய் கூடுதலாக உள்ளே வந்து காற்றின் நஷ்டத்தைத் தற்காலிகமாக ஈடுகட்டுகிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காற்று இருந்தால் கிளட்ச் சரியாக விடுபடாது, ஆனால் ஸ்லிப் ஆகாது. எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் அது பிளேட் தேய்ந்தது, இல்லையென்றால் பெடலில் கொஞ்சம்கூட ஃப்ரீ ப்ளே (மாஸ்டரைத் தள்ளத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) இல்லாமல் வைத்தது. ஃப்ரீ ப்ளே இல்லாவிட்டால் மாஸ்டர் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராது, எண்ணெய் ரிசர்வாயருக்குத் திரும்பும் சின்ன ஓட்டை மூடியே இருக்கும், சூடேறி எண்ணெய் விரிந்ததும் கிளட்ச் தானாகவே லேசாக மிதிபட்டது போல ஆகிவிடும். இந்தக் கோளாறுக்கு ஏர் எடுத்து எந்தப் பிரயோஜனமும் இல்லை.

சரி, காற்று எப்படி வந்தது? எண்ணெய் மாற்றியபோதோ ஹோஸ் மாற்றியபோதோ நுழைந்தது என்றால் பிரச்சினையே இல்லை, எடுத்துவிட்டால் முடிந்தது. யாரும் கை வைக்காமல் தானாக வந்தது என்றால் கதவு எங்கோ திறந்திருக்கிறது. முதலில் பெடலுக்கு மேலே, மாஸ்டரின் தள்ளுகம்பி உள்ளே போகிற இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள், ஈரம் இருக்கிறதா, கீழே கார்பெட் நனைந்திருக்கிறதா. அப்புறம் வண்டிக்கு அடியில் போய் ஸ்லேவின் முனையில் இருக்கிற ரப்பர் உறையை லேசாக உரித்துப் பாருங்கள். உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தால் கப் வாஷர், அதாவது பிஸ்டனில் எண்ணெயை அடைத்து நிற்கிற கிண்ண வடிவ ரப்பர், போய்விட்டது. இதில் பலர் ஏமாறுகிற ஓர் இடம் இருக்கிறது. கப் வாஷரின் உதடு, அழுத்தம் ஏறும்போது விரிந்து சுவரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் மிதிக்கும்போது பெரிதாக ஒழுகாது. பெடலை விடும்போது உள்ளே லேசான உறிஞ்சல் வரும், அந்த நேரத்தில் தேய்ந்த உதட்டைத் தாண்டிக் காற்று உள்ளே போய்விடும். வெளியே ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் வாரம் ஒரு முறை பெடல் இறங்குகிறது என்று சொல்கிற வண்டிகளில் இதை நிச்சயம் சந்தேகப்பட வேண்டும்.

மாஸ்டர் உள்ளுக்குள்ளேயே விட்டுக்கொடுப்பது வேறு வகை. எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சை மிதித்து, முதல் கியரில் போட்டு, பிரேக்கையும் பிடித்துக்கொண்டு அப்படியே காத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் வண்டி மெல்ல இழுக்க ஆரம்பித்தால் எண்ணெய் மாஸ்டர் ரப்பரைத் தாண்டி ரிசர்வாயருக்கே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அளவு குறையாது, எங்கும் ஒழுகாது, எடுக்கக் காற்றும் இருக்காது. ரப்பர் கிட் போட்டுப் பார்க்கலாம், ஆனால் சிலிண்டர் சுவரில் புள்ளி புள்ளியாக அரிப்பு இருந்தால் கிட் சில வாரம்தான் தாங்கும். என் கருத்து, அரிப்பு கண்ணுக்குத் தெரிந்தால் முழு சிலிண்டரையே மாற்றிவிடுவது மேல். கிட்டில் மிச்சம் பிடிக்கிற பணம் இரண்டாவது லேபரில் போய்விடும்.

மூன்றாவது காரணம் சூடு. மச்சான் வண்டியில் கொல்லிமலை ஏறினோம், காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு, முதல் கியர், இரண்டாவது கியர் என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். பாதி மலையில் "மச்சான், கிளட்ச் இல்ல" என்றார். ஓரம் கட்டிவிட்டு டீ குடித்து வந்து பார்த்தால் பெடல் பழையபடி இருந்தது. எண்ணெயைப் பார்த்தால் கறுப்பு. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "அதையெல்லாம் மாத்துவாங்களா?" என்று திருப்பிக் கேட்டார். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, தண்ணீர் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. ஸ்லேவ் பல வண்டிகளில் சைலன்சர் பைப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய் அங்கே கொதித்தால் வருவது நீராவி, அதுவும் காற்றைப் போலவே சுருங்கும், ஆறியதும் மறைந்துவிடும். இதற்கு ஏர் எடுப்பதைவிட, பழைய எண்ணெய் ஒரு சொட்டு விடாமல் வெளியே வந்து புது நிறம் வரும்வரை மாற்றுவதுதான் வைத்தியம்.

இனி வேலைக்கு வருவோம். எண்ணெய் வாங்கும்போது ரிசர்வாயர் மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். டாட் 3 இருக்கிற இடத்தில் டாட் 4 போகலாம், இரண்டும் ஒரே கிளைக்கால் வகை. டாட் 5 சிலிக்கான், அது வேறு ஜாதி, கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது பெயரில்தான் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது, உள்ளே கிளைக்கால்தான். மாகுரா கம்பெனியின் கிளட்ச் உள்ள சில கே.டி.எம். பைக்குகளில் மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும், அங்கே பிரேக் ஆயில் ஊற்றினால் ரப்பர் போய்விடும். அதேபோல் காரில் அவசரத்துக்கு பவர் ஸ்டீயரிங் ஆயிலோ எஞ்சின் ஆயிலோ ஊற்றினால் ரப்பர் ஊதிப்போய் மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் எல்லாமே மாற்ற வேண்டி வரும். சின்ன பாட்டிலாக வாங்குங்கள், திறந்து வைத்த பழைய பாட்டிலை மறந்துவிடுங்கள், முக்கியமாகக் கடலோர ஊர்க்காரர்கள். பெயின்ட்டில் சிந்தினால் துடைத்தால் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

நிப்பிளைச் சுற்றி முதலில் ஒரு பிரஷ் போட்டு மண்ணை எடுத்துவிட்டு, துரு விடுகிற ஆயில் அடித்துக் கொஞ்ச நேரம் விடுங்கள். வண்டியைப் பொறுத்து 8 அல்லது 10 சைஸ் வரும். ரிங் ஸ்பானர்தான், ஓப்பன் ஸ்பானர் போட்டால் முனை மழுங்கிவிடும். நிப்பிள் நடுவில் ஓட்டை உள்ள பொருள், அடம் பிடிக்கும்போது தொங்கித் திருப்பினால் முறிந்து உள்ளேயே நின்றுவிடும், அதற்கப்புறம் ஸ்லேவையே கழற்ற வேண்டியதுதான். வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்ட் கொடுக்காமல் அடியில் போகாதீர்கள், ஜாக்கை நம்பி யாரும் படுக்கக் கூடாது.

இரண்டு ஆள் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருவர் சீட்டில், ஒருவர் அடியில். நிப்பிளில் தெளிவான டியூபைப் போட்டு அதன் மறுமுனையைக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிய பாட்டிலில் மூழ்க வைக்க வேண்டும். மேலே இருப்பவர் மெதுவாகச் சில தடவை மிதித்துவிட்டு, கடைசியில் தரை வரை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் பையன்தான் பெடல். "அமுக்கு" என்றால் அவன் "அமுக்கிட்டேன்பா" என்று சொன்ன பிறகுதான் நிப்பிளை அரைச் சுற்று திறப்பேன், மூடிவிட்டு "விடு" என்று சொல்கிறவரை அவன் காலை எடுக்கக் கூடாது. திறந்திருக்கும்போது கால் மேலே வந்தால் டியூபில் இருக்கிற காற்று உள்ளே போய்விடும், அதுவரை செய்தது வீண். சில வண்டிகளில் பெடல் தானாக மேலே வராது, கையால் தூக்கிவிட வேண்டும், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் 6 மி.லி. போகிறது என்பதை நினைவில் வைத்து ரிசர்வாயரைப் பார்த்துக்கொண்டே இருங்கள், தனி ரிசர்வாயர் உள்ள வண்டிகளில் அது சின்னதாக இருக்கும், காலியாகவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். போலோ போன்ற வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ரிசர்வாயர், பக்கவாட்டிலிருந்து ஒரு டியூப் கிளட்ச்சுக்குப் போகும். அந்தத் துவாரம் அடிமட்டத்துக்கு நன்றாக மேலே இருப்பதால், பார்க்கப் பாதி எண்ணெய் இருந்தாலும் கிளட்ச்சுக்கு ஒன்றும் போகாமல் இருக்கலாம்.

இந்த முறையில் முடிந்துவிட்டால் நல்லது. முடியாதபோதுதான் ஏன் என்று யோசிக்க வேண்டும். பைப் மாஸ்டரிலிருந்து கீழே இறங்கி, நடுவில் ஒரு வளைவில் மேலே ஏறி, மறுபடி இறங்கி ஸ்லேவுக்கு வருகிறது. காற்று எப்போதும் மேலே ஏறப் பார்க்கும், நாம் அதைக் கீழே இருக்கிற நிப்பிளுக்குத் துரத்துகிறோம். ஒரு மிதிக்கு 6 மி.லி.தான் போகிறது, குமிழி அந்த வளைவைத் தாண்டும் முன் மிதி முடிந்துவிடும், அடுத்த மிதிக்குள் அது பழைய இடத்துக்கே ஏறிவிடும். வேகமாகப் பம்ப் அடித்தால் பெரிய குமிழி உடைந்து நுண்ணிய நுரையாகிவிடும், அது இன்னும் மோசம். இப்படி ஆனால் காபி குடிக்கப் போய்விடுங்கள், நுரை சேர்ந்து ஒன்றாகட்டும்.

என்னைக் கேட்டால் அடம் பிடிக்கிற வண்டிக்குத் தலைகீழ் முறைதான். பெரிய சிரிஞ்சில் புது எண்ணெயை நிரப்பி, டியூபில் காற்று இல்லாமல் முனைவரை எண்ணெய் வரவழைத்து, நிப்பிளில் மாட்டி, நிப்பிளைத் திறந்து மெதுவாகத் தள்ளுங்கள். எண்ணெய் கீழிருந்து மேலே போகிறது, காற்றுக்கும் மேலேதான் போக வேண்டும், இரண்டும் ஒரே திசை. மேலே ரிசர்வாயரில் குமிழி குமிழியாக வருவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு காரியம். பழைய எண்ணெய் கறுப்பாக இருந்தால் முதலில் வழக்கமான முறையில் கீழ் வழியாக வெளியேற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஸ்லேவில் படிந்த ரப்பர் கசடு முழுக்க மாஸ்டருக்கு ஏறிவிடும். ரிசர்வாயரிலிருந்தும் பாதியை எடுத்துவிடுங்கள், வழிந்தால் பெயின்ட் போய்விடும்.

ஸ்லேவ் வெளியே போல்ட் போட்டு மாட்டியிருக்கிற இன்னோவா, குவாலிஸ் மாதிரி வண்டிகளில் இன்னொரு வசதி உண்டு. ஹோஸைக் கழற்றாமல் ஸ்லேவை மட்டும் இறக்கி, ஹோஸ் சேரும் பக்கம் மேலே வருமாறு பிடித்து, பிஸ்டனைக் கையால் மெதுவாக உள்ளே அமுக்கி விட வேண்டும். நிப்பிள் மூடியே இருக்கட்டும், காற்று பைப் வழியாக ரிசர்வாயருக்கு ஏறும். இந்த நேரத்தில் யாராவது பெடலை மிதித்தால் பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும், எனவே வீட்டுப் பிள்ளைகளை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அவசரமில்லாதவர்களுக்கு ஒன்றும் செய்யாத முறையும் இருக்கிறது. மூடியைத் திறந்து, டியூபை மாட்டி, நிப்பிளைத் திறந்துவிட்டால் எண்ணெய் தானாகச் சொட்டும். லைன் மேலிருந்து கீழாகச் சீராக இறங்குகிற வண்டியில் இதுவே போதும். வாக்குவம் பம்ப் வைத்து இழுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு, குமிழி நிற்கவே நிற்காது, ஏனென்றால் பாதிக் காற்று நிப்பிள் மரை வழியாக வெளியிலிருந்தே வருகிறது. மரையைச் சுற்றி கிரீஸ் தடவினால் தெரிந்துவிடும்.

ஸ்லேவ் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே, ஷாஃப்டைச் சுற்றி பேரிங்கோடு சேர்ந்து இருக்கிற வகை வேறு கதை. ஃபோர்டு ஃபிகோ போன்ற பல கார்களில் இதுதான். அங்கே நிப்பிள் மட்டும் வெளியே இருக்கும். புதிதாக மாட்டியதும் காலியான நிலையில் பெடலைத் தடதடவென்று மிதித்தால் சீல் கெட்டுவிடும், கையால் மெதுவாக அமுக்கி மெதுவாக விட வேண்டும். பெல் ஹவுசிங்குக்கு (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச்சை மூடியிருக்கிற கூடு) அடியில் பிரேக் ஆயில் சொட்டினால் ஏர் எடுப்பதில் அர்த்தமில்லை, கியர்பாக்ஸ் இறங்கத்தான் வேண்டும். இறக்கும்போது பிளேட் செட் பாதி தேய்ந்திருந்தாலும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், அதே லேபரை இரண்டு முறை கொடுப்பதற்கு இது மேல்.

நடுவழியில் பெடல் போய்விட்டால் வீடு வரை வர ஒரு வழி உண்டு. எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, அப்படியே ஸ்டார்ட்டரை அடித்தால் வண்டி துள்ளிக் கிளம்பும். கிளட்ச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் பெடலை அமுக்கியபடியே செய்யலாம். முன்னால் ஆளோ வண்டியோ இல்லாத இடத்தில் மட்டும். ஓடும்போது ஆக்ஸிலேட்டரை விட்டு, நியூட்ரலுக்கு எடுத்து, சத்தம் இறங்குகிற சமயத்தில் அடுத்த கியரை மெதுவாக ஒத்திப்பிடித்தால் விழும். நிறுத்த வேண்டுமென்றால் நியூட்ரல். ஊருக்குள், நெரிசலில் இதை முயற்சி செய்யாதீர்கள், டோ வண்டிக்குக் கொடுக்கிற காசு குறைவு.

எல்லாம் முடிந்து நிப்பிளை மூடும்போது பலம் காட்ட வேண்டாம், பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுகினால் போதும். தூசி மூடியை மாட்டுங்கள். பாட்டிலில் சேர்ந்த எண்ணெய் தெளிவாக இருக்கிறதே என்று திரும்ப ஊற்றாதீர்கள், அதில் கண்ணுக்குத் தெரியாத நுரை இருக்கும். மண்ணிலும் சாக்கடையிலும் கொட்டாமல், பழைய ஆயில் எடுக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சை மிதித்து, மூன்று நான்கு நொடி விட்டு ரிவர்ஸ் போடுங்கள், சத்தமில்லாமல் விழுந்தால் சரி. ரிசர்வாயரில் அன்றைய எண்ணெய் மட்டத்துக்கு மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்து மட்டம் கோட்டுக்குக் கீழே இருந்தால், பெடல் நன்றாகவே இருந்தாலும் ஸ்லேவ் கிட்டை வாங்கிவிடுங்கள்.